டாக்டரிடம் கேளுங்கள்: விந்தில் கிருமி இருந்தால் குழந்தை பிறக்காதா?

கொஞ்ச நாளாகவே விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பி, "இதில் இன்ஃபெக்‌ஷன் என்று போட்டிருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதனால் இந்த முறை கிருமி சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர், ஊர் விவரங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வயது 33. கல்யாணமாகி மூன்று வருடம். ஒரு மில்லிக்கு 2.2 கோடி உயிரணு, முன்னோக்கி நீந்துபவை 24 சதவீதம், 'பஸ் செல்ஸ் 10-12' என்று ரிப்போர்ட் வந்தது. இன்ஃபெக்‌ஷன் என்று சொல்லி மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மறுபடி எடுத்தாலும் அதே 10-12தான். இப்போது நான்காவது கோர்ஸ் எழுதியிருக்கிறார்கள். சாப்பிடலாமா?
(ஈரோடு வாசகர்)

நான்காவது கோர்ஸை ஆரம்பிக்கும் முன் மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வையில் எண்ணிய அந்த 10-12 செல்கள் என்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்று கோர்ஸ் முடித்தும் யாரும் அதைப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மைக்ராஸ்கோப்பில் விந்தை வைத்துப் பார்த்தால் வாலுள்ள விந்தணுக்களுக்கு நடுவே உருண்டையாகச் சில செல்கள் தெரியும். அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெள்ளை அணு, அதாவது சீழ் செல். இன்னொன்று இன்னும் முழுசாக வளராமல் விதையிலிருந்து முன்னாலேயே வந்துவிட்ட இளம் விந்தணு செல். சாயம் ஏற்றாமல் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பெராக்ஸிடேஸ் என்று ஒரு சாயப் பரிசோதனை செய்தால் வெள்ளை அணு மட்டும் பழுப்பாக மாறும், மற்றது மாறாது. செலவும் அதிகமில்லை. ஆனால் நிறைய லேப்களில் இதைச் செய்யாமலே உருண்டையாகத் தெரிவதையெல்லாம் 'பஸ் செல்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். உங்களுக்கு இருப்பது இளம் விந்தணு செல் என்றால் நாற்பது கோர்ஸ் சாப்பிட்டாலும் அது குறையாது, குறையவும் வேண்டியதில்லை.

சரி, உண்மையிலேயே வெள்ளை அணுதான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிக்கு 10 லட்சத்துக்கு மேல் இருந்தால்தான் அது அதிகம் என்று கணக்கு. அப்படி அதிகமாக இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்குக் கல்ச்சரில், அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், எந்தக் கிருமியும் வளர்வதில்லை. புகை பிடிப்பதாலும் வெள்ளை அணு ஏறலாம், விதைக்கு மேலே ரத்தநாளங்கள் புடைத்துக்கொள்ளும் வெரிகோசீல் இருந்தாலும் ஏறலாம், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் கிருமியே இல்லாமல் வரும் அழற்சியிலும் ஏறலாம்.

கிருமிதான் காரணம் என்றால் அது எப்படிக் கெடுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு மயிரிழை போலச் சின்னச் சின்ன நீட்சிகள் இருக்கும், அவை விந்தணுவின் மேலுள்ள சர்க்கரை மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும், அதனால் விந்தணுக்கள் ஒன்றோடொன்று கொத்துக் கொத்தாக ஒட்டி நீந்த முடியாமல் நிற்கும். கிருமி நேரடியாகச் செய்வது இது. ஆனால் அதைவிடப் பெரிய சேதம் கிருமியை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்களாலேயே நடக்கிறது. அவை வெளியிடும் வீரியமான ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் விந்தணுவின் மேலுறையைத் தாக்கும். அந்த மேலுறை முழுக்கக் கொழுப்பு, எண்ணெய் நாளாகிச் சிக்கு வாடை அடிக்கிறதே, கிட்டத்தட்ட அதே மாற்றம்தான் இங்கேயும் நடக்கிறது. மற்ற செல்களுக்கு இதைச் சமாளிக்க உள்ளே சரக்கு இருக்கும். விந்தணுவோ எடை குறைய வேண்டும் என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தலையும் வாலுமாக ஓடுகிற செல், அதனால் தாங்காது. வேகம் குறையும், சில சமயம் உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வும் அறுபடும்.

உங்கள் எண்ணிக்கை 2.2 கோடி. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை 1.6 கோடி, ஆக எண்ணிக்கையில் குறையில்லை. முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம் இருக்க வேண்டும், உங்களுக்கு 24. கொஞ்சம்தான் குறைவு.

இப்போது செய்ய வேண்டியது: கடைசி ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது இரண்டு வாரம் போகட்டும். பிறகு பெராக்ஸிடேஸ் சாயத்தோடு பரிசோதனை, கூடவே கல்ச்சர். சாம்பிள் கொடுக்கும் விதத்தில்தான் பாதி ரிப்போர்ட்டுகள் கெட்டுப்போகின்றன. முதலில் சிறுநீர் கழித்துவிடுங்கள், அப்போதுதான் சிறுநீர்க்குழாயின் வாய்ப்பகுதியில் இருப்பவை அடித்துக்கொண்டு போகும். கையையும் ஆண்குறியையும் சோப்பு போட்டுக் கழுவி, சோப்பு துளியும் இல்லாமல் அலசி, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய், எச்சில், காண்டம் எதுவும் கூடாது. டப்பாவின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. இவ்வளவும் செய்த பிறகு ஒரே வகைக் கிருமி ஒரு மில்லிக்கு ஆயிரம் காலனிக்கு (கிருமிக் கூட்டத்துக்கு) மேல் வளர்ந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம். மூன்று நான்கு வகை கலந்து வளர்ந்தால் பெரும்பாலும் தோலில் இருந்து வந்தவை, அதற்கு மருந்து தேவையில்லை.

கிருமி வளர்ந்தால் அதற்கு எந்த மருந்து கேட்கிறது என்று பார்த்து ஒரே கோர்ஸ், முழுசாக. அதற்குப் பிறகு மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனை. விதையில் ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் போல ஆகும், அதனால் பத்து நாளில் எடுத்துப் பார்த்து "முன்னேற்றமே இல்லையே" என்று மனம் உடையாதீர்கள். சர்க்கரை இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தத் தொற்றுகள் சுலபமாக வரும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: மருந்தால் சீழ் செல் குறையும், வேகமும் கூடலாம், ஆனால் அதனாலேயே கருத்தரிப்பு கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று இன்றுவரை இல்லை. ஆகவே இதையே பிடித்துக்கொண்டு வருடங்களைக் கழிக்காமல், மனைவிக்கான பரிசோதனைகளையும் கூடவே முடித்துவிடுங்கள்.

கேள்வி: வயது 28. எனக்கு ஒரு கருக்குழாயில் அடைப்பு என்று எக்ஸ்ரேயில் வந்தது. டாக்டர் என் கணவரையும் கிருமிப் பரிசோதனை செய்யச் சொன்னார். அவருக்கு எரிச்சல், வலி எதுவும் கிடையாது, "எனக்கு எதுக்கு?" என்கிறார். மாமியாரும் குறை என்னிடம்தான் என்று சொல்லிவிட்டார். தொந்தரவே இல்லாதவருக்குக் கிருமி இருக்குமா?
(மதுரை வாசகி)

இருக்கும்மா. கிளமிடியா என்ற கிருமியைப் பற்றித்தான் உங்கள் டாக்டர் யோசித்திருப்பார். அது பிடித்த பெண்களில் பெரும்பாலோருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும் ஒரு அறிகுறியும் இருக்காது. ஆணிடம் சத்தமில்லாமல் தங்கியிருந்து, பெண்ணிடம் போய்க் கருக்குழாயில் தழும்பு உண்டாக்கிவிடும். விந்தணுவை அது நேரடியாக எவ்வளவு கெடுக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது, ஆனால் கருக்குழாய்க்கு அது செய்யும் கெடுதலில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சாதாரண கல்ச்சரில் இது வளராது, ஏனென்றால் நம் செல்லுக்குள்ளே புகுந்துதான் இது வாழும். ஆகவே "கல்ச்சர் நார்மல்" என்ற ரிப்போர்ட் கையில் இருப்பதால் கிளமிடியா இல்லை என்று ஆகிவிடாது. கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை வேண்டும். உங்கள் கணவர் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, பிறகு வருகிற முதல் சிறுநீரைக் கொடுத்தால் போதும். ஊசி கிடையாது, வலி கிடையாது. நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தால் தவறாக 'இல்லை' என்று வரலாம், அதை மட்டும் லேபில் முன்பே சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருந்தால் ஒரு வார மாத்திரைதான், இருவரும் ஒரே சமயத்தில் சாப்பிட வேண்டும். முடியும்வரை உறவு வேண்டாம். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும். உங்களுக்கு நாள் தள்ளியிருந்தால் மருந்தை மாற்றித் தருவார்கள், மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்தக் கிருமி பல மாதங்கள், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் உடம்பில் இருக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ரிப்போர்ட்டை வைத்து நீங்கள் அவரையோ அவர் உங்களையோ சந்தேகப்பட ஆரம்பித்தால் வைத்தியம் கெட்டுவிடும், குடும்பமும் கெடும். மாமியாரிடம் நேராகவே சொல்லுங்கள்: குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. உங்களுக்குச் சொல்லச் சங்கடமாக இருந்தால் அடுத்த முறை அவரையும் அழைத்துப் போங்கள், டாக்டரே சொல்லட்டும்.

கேள்வி: வயது 35. விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை என்கிறார்கள். அளவும் அரை மில்லிதான். 22 வயதில் கழுத்தில் நெறிகட்டி டி.பி. என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
(திருநெல்வேலி வாசகர்)

சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, டி.பி. வந்ததை நீங்களே எழுதியது ரொம்ப நல்லது. நம் நாட்டில் உயிரணு இல்லை என்று வருபவரிடம் டி.பி. பற்றிக் கேட்டே ஆக வேண்டும். நிறைய பேர் பழைய கதைதானே என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

டி.பி. கிருமி நுரையீரலிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ ரத்தத்தில் ஏறி எபிடிடிமிஸில் போய் உட்காரும். எபிடிடிமிஸ் என்பது விதைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு குழாய்ச் சுருள். பிரித்து நீட்டினால் ஒரே குழாய், ஆறு மீட்டர் வரை வரும். அத்தனை நீளத்துக்கு அத்தனை மெல்லிய குழாயில் எங்காவது ஒரு இடத்தில் தழும்பு விழுந்தால் போதும், அந்தப் பக்கம் பாதை அடைபட்டுவிடும். விதை நன்றாக உற்பத்தி செய்துகொண்டே இருக்கும், ஆனால் ஒன்றும் வெளியே வராது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த அரை மில்லி. விந்தின் பெரும்பகுதி, மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல், சிறுநீர்ப்பைக்குப் பின்னால், புராஸ்டேட்டுக்கு மேலே இருக்கும் செமினல் வெசிகிள் என்ற இரண்டு பைகளிலிருந்து வருகிறது. அந்தத் திரவத்தில் காரத்தன்மையும் ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரையும் இருக்கும். எபிடிடிமிஸில் மட்டும் அடைப்பு என்றால் அளவு குறையாது. அளவும் குறைந்து, ரிப்போர்ட்டில் பி.எச். 7-க்குக் கீழே இருந்து, ஃப்ரக்டோஸ் இல்லை என்றும் வந்தால் அடைப்பு இன்னும் மேலே, இரண்டு பக்கப் பாதையும் வந்து திறக்கும் இடத்தில் என்று அர்த்தம். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த இரண்டு வரிகளையும் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

அதற்கு முன் ஒரு யூராலஜிஸ்ட் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். டி.பி. தாக்கிய விந்துக்குழாய் விரலுக்கு மணிமாலை மாதிரி முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் குழாய் இருக்காது, அவர்களுக்கும் இதே ரிப்போர்ட்தான் வரும், ஆனால் காரணம் மரபணு. இரண்டையும் பிரித்துச் சொல்ல விரல்தான் முதல் கருவி, ஸ்கேன் அப்புறம். ரத்தத்தில் விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் நார்மலாக இருந்து விதையின் அளவும் சரியாக இருந்தால் உள்ளே உற்பத்தி நடக்கிறது என்று நம்பலாம்.

கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத் தொடர்ந்து மூன்று நாள் அதிகாலைச் சிறுநீர் எடுப்பார்கள். சிறுநீரில் சீழ் செல் இருக்கும், சாதாரண கல்ச்சரில் ஒன்றும் வளராது என்றால் டி.பி.யைச் சந்தேகிக்க வேண்டும். பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். இருக்கிறது என்றால் முதலில் அதை முழுசாக முடித்துவிட்டுத்தான் குழந்தைக்கான வைத்தியம். (ஈரோடு வாசகரும் இதைக் கவனிக்க வேண்டும். லெவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகளை அடிக்கடி சாப்பிட்டால் டி.பி. பாதி அமுங்கிக் கண்டுபிடிக்க முடியாமல் போகும். கண்மூடித்தனமான ஆன்டிபயாடிக்கை நான் எதிர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.)

மருந்து கிருமியைக் கொல்லும், தழும்பைக் கரைக்காது. ஆகவே பாதை தானாகத் திறக்கும் என்று காத்திருக்காதீர்கள். விதையிலிருந்தோ எபிடிடிமிஸிலிருந்தோ ஊசியால் விந்தணுவை எடுத்து, ஒரு முட்டைக்குள் ஒரு விந்தணுவைச் செலுத்தும் இக்ஸி முறை 1992-இலிருந்தே இருக்கிறது. அடைப்பினால் உயிரணு வராதவர்களுக்கு ஊசியில் விந்தணு கிடைப்பது பெரும்பாலும் கஷ்டமாக இருப்பதில்லை. "ஒன்றுகூட இல்லை" என்ற வரியைப் பார்த்து நீங்கள் எவ்வளவு உடைந்திருப்பீர்கள் என்று தெரிகிறது. உங்கள் குழந்தையாகவே பிறக்க வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: எட்டு வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததாம். அதனால் குழந்தை பிறக்காது என்று பெண் வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். நிஜமா?
(திருவண்ணாமலை வாசகர்)

இல்லை. வயதுக்கு வரும் முன் வந்த பொன்னுக்கு வீங்கி விதையைத் தாக்குவது மிக அரிது. பருவம் அடைந்த பிறகு வந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் நாலைந்து பேரில் ஒருவருக்கு விதை வீங்கலாம், பெரும்பாலும் ஒரு பக்கம்தான், பிறகு அந்த விதை கொஞ்சம் சுருங்கலாம். இரண்டு பக்கமும் போய் முழு மலடாவது ரொம்பக் குறைவு. வேண்டுமானால் ஒரு விந்துப் பரிசோதனை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு அடங்கிவிடும். அரசுத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மை, ருபெல்லாவுக்கு மட்டும்தான் ஊசி இருக்கிறது. பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்து எம்.எம்.ஆர். போட வேண்டுமென்றால் தனியாரிடம்தான் போட வேண்டும். மகன் இருப்பவர்கள் குழந்தை மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

கேள்வி: குடலில் இருப்பது போல விந்திலும் நல்ல பாக்டீரியா இருக்கிறது, அதைப் பெருக்க கேப்சூல் இருக்கிறது என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?
(கோவை வாசகர்)

விந்தில் பாக்டீரியா இருப்பது உண்மை. ஆரோக்கியமாக இருந்து குழந்தையும் பெற்றவர்களின் விந்திலும் இருக்கிறது. விந்து சுத்தமான, கிருமியே இல்லாத திரவம் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். அதற்கு நேர் எதிராகவும் ஒரு கதை உண்டு. 1677-இல் ஹாலந்தில் மைக்ராஸ்கோப் செய்து நுண்ணுயிர்களைப் பார்த்துவந்த லேவன்ஹுக்கிடம் யோஹன் ஹாம் என்ற மருத்துவ மாணவர் வெட்டை நோய் (கனோரியா) வந்த ஒருவரின் விந்தைக் கொண்டுவந்து காட்டினார். அதில் வாலோடு ஓடிய உயிர்களைப் பார்த்து, அவை நோயால் உண்டானவை என்று அந்த மாணவர் நினைத்தார். ஆரோக்கியமான விந்திலும் அவை இருக்கின்றன என்று லேவன்ஹுக் பார்த்த பிறகுதான் அது நோய் இல்லை என்று தெரிந்தது. வெட்டையின் உண்மையான கிருமியை ஜெர்மன் மருத்துவர் நைஸர் கண்டுபிடித்தது அதற்கு இருநூறு வருடம் கழித்து, 1879-இல்.

இப்போது டி.என்.ஏ.வை வைத்து யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பட்டியல் போட முடிகிறது. லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா அதிகம் இருப்பவர்களுக்கு விந்து தரமாக இருப்பதாகச் சில ஆய்வுகளில் வந்தது. உடனே 'நல்ல பாக்டீரியா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் 2024-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், அதே லாக்டோபேசில்லஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஐனர்ஸ் என்ற வகை, நீந்தும் வேகம் குறைந்த ஆண்களிடம்தான் அதிகமாக இருந்தது. அது காரணமா விளைவா என்று இன்னும் பிரிக்க முடியவில்லை. இந்த நிலைமையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து கேப்சூல் வாங்குவதை நான் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் ஒரு ஒழுங்கான விந்துப் பரிசோதனை எடுக்கலாம். சிகரெட் இருந்தால் அதை நிறுத்துங்கள், அதற்குக் கிடைக்கும் பலன் கேப்சூலை விட நிச்சயமானது.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். ஒரு தப்பு செய்துவிட்டேன். ஐந்து நாளில் சிறுநீர் போகும்போது எரிச்சல், மஞ்சளாக ஒழுகல். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன், நின்றுவிட்டது. பின்னால் கல்யாணமானால் குழந்தை பிறக்குமா என்று பயமாக இருக்கிறது. வீட்டுக்குத் தெரியக் கூடாது.
(பெயர், ஊர் வேண்டாம்)

தம்பி, பயப்படாதே. ஆனால் இதோடு விடவும் விடாதே. நீ சொல்வது வெட்டை மாதிரி இருக்கிறது. வெட்டை வந்தவர்களில் கணிசமானவர்களுக்குக் கிளமிடியாவும் சேர்ந்தே வந்திருக்கும். ஒழுகல் நின்றது என்பதற்காகக் கிருமி போய்விட்டது என்று சொல்ல முடியாது. கடையில் என்ன கொடுத்தார்கள் என்று நீ எழுதவில்லை, முன்பெல்லாம் இதற்குக் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் இப்போது பெரும்பாலும் கேட்பதே இல்லை. அரைகுறையாக அமுங்கிய கிருமி மேலேறி எபிடிடிமிஸுக்குப் போனால்தான் நீ பயப்படும் பிரச்சினை வரும், இரண்டு பக்கமும் தழும்பாகி அடைத்துக்கொண்டால் உயிரணு வெளியே வராது. இப்போதே வைத்தியம் செய்தால் அந்த நிலைமை வராமல் தடுத்துவிடலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது, அங்கே போ. வெட்டை, கிளமிடியாவோடு சிஃபிலிஸ், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி வகைக்கும் பார்க்கச் சொல். எச்.ஐ.வி.க்கு அதே வளாகத்தில் நம்பிக்கை மையம் இருக்கும், பணம் வாங்க மாட்டார்கள், விஷயத்தை வெளியே விட மாட்டார்கள். இப்போது இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்த்துவிடு. உன்னோடு இருந்தவருக்கும் தகவல் போக வேண்டும், கஷ்டமாக இருந்தாலும் சொல்லு, அவருக்கு அறிகுறியே இல்லாமல் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: விதையில் திடீரென்று கடுமையான வலி வந்தால் 'கிருமிதான்' என்று நீயே முடிவு பண்ணி மாத்திரை போடாதே. உன் வயதில் விதை முறுக்கிக்கொள்வதும் அதே மாதிரிதான் வலிக்கும், ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடந்தால்தான் விதையைக் காப்பாற்ற முடியும். வீட்டுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று அப்போது ஓடிவிட வேண்டும்.

கேள்வி: துபாயில் வேலை. அடுத்த மாதம் லீவில் வந்து ஐ.வி.எஃப். செய்வதாக ஏற்பாடு. இப்போது என் விந்தில் யூரியாபிளாஸ்மா என்று பி.சி.ஆர். ரிப்போர்ட் வந்திருக்கிறது. மனைவிக்கு 37 வயது. எல்லாவற்றையும் தள்ளிப்போடலாமா?
(துபாய் வாசகர்)

தள்ளிப்போட வேண்டாம். யூரியாபிளாஸ்மா நல்ல ஆரோக்கியமான ஆண்களிடமும் சாதாரணமாகக் காணப்படுகிற கிருமி. அதில் பார்வம், யூரியாலிட்டிகம் என்று இரண்டு வகை உண்டு, பார்வம் வகையைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவே வேண்டியதில்லை. எந்த வகை என்று லேபில் கேளுங்கள். யூரியாலிட்டிகம், அதோடு வெள்ளை அணுவும் அதிகம் என்றால் உங்கள் டாக்டர் இருவருக்கும் ஒரு கோர்ஸ் கொடுக்க நினைப்பார், அது நியாயம்தான். இந்தக் கிருமிக்குச் செல்சுவர் கிடையாது, அதனால் அமாக்சிசிலின் மாதிரி பென்சிலின் வகை மருந்துகள் இதன் மேல் வேலை செய்யாது, கையில் இருக்கிறதே என்று அதைச் சாப்பிடாதீர்கள். ஒரு கோர்ஸ் முடிக்க நீங்கள் கிளம்பும் முன் இருக்கும் நாட்களே போதும்.

ஐ.வி.எஃப். லேபில் விந்தை அப்படியே பயன்படுத்த மாட்டார்கள். அடர்த்தி வேறுபட்ட திரவங்களின் மேல் ஊற்றிச் சுழற்றி, நன்றாக நீந்தும் விந்தணுக்களை மட்டும் பிரித்து எடுப்பார்கள். பெரும்பாலான பாக்டீரியா அங்கேயே கழிந்துவிடும். கரு வளரும் திரவத்திலும் கொஞ்சம் ஆன்டிபயாடிக் கலந்தே இருக்கும். கிருமி ஒன்று இருந்தது என்பதால் முயற்சி வீணாகப் போகாது. ஆனால் 37 வயதில் ஆறு மாதத் தாமதம் முட்டையின் எண்ணிக்கையையும் தரத்தையும் குறைத்துவிடும், அதை எந்த மாத்திரையாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. டிக்கெட்டை மாற்றாதீர்கள். ரிப்போர்ட்டை இன்றைக்கே உங்கள் டாக்டருக்கு அனுப்பிவிட்டு, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.